மூடினாலும் பேசும் செயலி

காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு தறி வீட்டை மனத்தில் கொள்வோம். காலை ஆறரை மணி. அப்பா தறியில் உட்காருவதற்கு முன் பாவில் அறுந்த இழைகளைத் தேடி முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறார். மகள் மடிக்கணினியைத் திறக்கிறார். சென்னையில் உள்ள கடைக்காரருக்கு ஒரு முந்தானை டிசைனின் படத்தை அனுப்ப வேண்டும். கடவுச்சொல்லைத் தட்டிவிட்டு, காபி போட எழுந்து போகிறார். எந்தச் செயலியையும் அவர் இன்னும் தொடவில்லை. ஆனால் திரையின் கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், நான்கைந்து சின்னப் படங்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. அரட்டைக்கு ஒன்று, வீடியோ கூட்டத்துக்கு ஒன்று, கோப்புகளைச் சேமிக்க ஒன்று. ஒவ்வொன்றும் எங்கோ இருக்கும் தன் சர்வரைக் கூப்பிட்டு, தான் வந்துவிட்டதைச் சொல்லிவிட்டது. அந்த அழைப்புகளின் விவரம் இணைய இணைப்புத் தரும் நிறுவனத்தின் பதிவேட்டில் ஏறிவிட்டது. இந்திய உரிம நிபந்தனைப்படி அந்தப் பதிவு குறைந்தது இரண்டு ஆண்டுகள் அங்கே இருக்க வேண்டும்.

செயலி தானாக எழுந்து பேசுவதைப் பற்றி மென்பொருள் எழுதுகிறவர்கள் பேசுவார்கள். பதிவைச் சேமிக்கச் சொல்லும் சட்டத்தைப் பற்றி வழக்கறிஞர்கள் பேசுவார்கள். இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவது அபூர்வம். அதனால்தான் இந்த அத்தியாயத்தில் இரண்டையும் சேர்த்தே பார்க்கப் போகிறோம்.

ஒரு காலத்தில் கணினிக்கு நிரல் எழுதுவதென்றால் விண்டோஸுக்கு ஒன்று, மேக்குக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று எனத் தனித்தனியே எழுத வேண்டும். மூன்றுக்கும் மூன்று குழு, மூன்று செலவு. இணையப் பக்கத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றையும் கொண்டு ஒருமுறை எழுதினால், உலாவி உள்ள எந்தக் கணினியிலும் ஓடும். ஆனால் அந்தப் பக்கத்தைத் தேடி உலாவியைத் திறக்க வேண்டும். இருபது பக்கங்களுக்கு நடுவே அது தொலைந்துபோகும். கணினியில் உள்ள கோப்புகளைத் தன் விருப்பத்துக்குத் தொடவும் முடியாது. இணையப் பக்கத்தையே ஒரு நிரலாகக் கட்டிக் கொடுத்தால் என்ன என்ற யோசனை பலருக்கும் வந்தது. இன்டெல் நிறுவனத்தில் ரோஜர் வாங் 2011இல் தொடங்கிய நோட்-வெப்கிட் அந்த வழியில் ஒரு முக்கியமான அடி. அந்தத் திட்டத்தில் வேலை பார்த்த செங் ஜாவ், பிறகு கிட்ஹப் நிறுவனத்துக்காக 2013இல் ‘ஆட்டம் ஷெல்’ என்ற கட்டமைப்பை உருவாக்கத் தொடங்கினார். அதற்கு 2015இல் எலக்ட்ரான் என்று பெயர் மாறியது. விஷுவல் ஸ்டுடியோ கோட், ஸ்லாக், டிஸ்கார்ட், சிக்னலின் கணினிப் பதிப்பு எல்லாமே எலக்ட்ரானில் கட்டியவை.

எலக்ட்ரான் செய்வது இதுதான். குரோம் உலாவியின் அடித்தளமான குரோமியத்தை முழுவதுமாக எடுத்துக்கொள்கிறது. கோப்பு, வலையமைப்பு, இயங்குதளம் ஆகியவற்றைத் தொடுவதற்கு நோட் என்ற இன்னொரு மென்பொருளைச் சேர்க்கிறது. உங்கள் இணையப் பக்கத்தையும் உள்ளே வைத்து, எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டிக் கொடுக்கிறது. எழுதிய நிரல் சில மெகாபைட்தான் இருக்கும். கூட வரும் உலாவி நூறு மெகாபைட்டைத் தாண்டும். ஒரு சேலை வாங்கியவருக்கு அதை நெய்த தறியையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பதற்கு ஒப்பான காரியம் இது. ஐந்து செயலிகளை நிறுவினால் கணினிக்குள் ஐந்து குரோமியம். பழைய மடிக்கணினி மூச்சு வாங்குவதற்கு இது ஒரு காரணம்.

இந்த எடையைக் குறைக்க வேறு வழிகளும் வந்தன. 2022 ஜூனில் முதல் முழுப் பதிப்பு வெளியான டாவ்ரி, தனி உலாவியைச் சுமந்து வருவதில்லை; விண்டோஸிலும் மேக்கிலும் ஏற்கெனவே இருக்கும் உலாவி எஞ்சினையே பயன்படுத்திக்கொள்கிறது. அலெக்ஸ் ரஸ்ஸலும் பிரான்சிஸ் பெரிமனும் 2015இல் ‘புரோகிரசிவ் வெப் ஆப்’ என்று பெயரிட்ட முறையில் பொதியே இல்லை. உலாவியில் ‘நிறுவு’ என்று அழுத்தினால் அந்தப் பக்கம் தனிச் சன்னலாக, தனிப் படத்தோடு வந்து நிற்கும்.

வாட்ஸ்அப்பின் வரலாறே இந்த இழுபறியைச் சொல்லிவிடும். 2015இல் உலாவிக்குள் ஓடும் வாட்ஸ்அப் வெப் வந்தது. அடுத்த ஆண்டு அதையே எலக்ட்ரானில் கட்டி டெஸ்க்டாப் செயலியாகக் கொடுத்தார்கள். 2022இல் அதைத் தள்ளிவிட்டு, விண்டோஸுக்கென்றே தனியாக எழுதிய வேகமான செயலியைக் கொண்டுவந்தார்கள். 2025இல் மறுபடியும் இணையப் பக்கத்துக்கே திரும்பி, விண்டோஸின் வெப்வியூ2 எஞ்சினுக்குள் அதை ஓடவிட்டார்கள். பயன்படுத்துகிறவருக்குப் படமும் பெயரும் ஒன்றாகவே இருந்தன. உள்ளே ஓடுவது எத்தனையோ முறை மாறிவிட்டது.

பாதுகாப்பைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். உலாவியில் திறக்கும் ஒரு பக்கம் உங்கள் கோப்புகளைப் படிக்க முடியாதபடி உலாவி தடுத்து வைக்கிறது. அதே பக்கத்தைச் செயலியாகக் கட்டும்போது, கட்டுகிறவர் கவனமாக இல்லாவிட்டால் அந்தத் தடை தளர்ந்துவிடும். 2018 மே மாதம், அனுப்பிய செய்தியின் வழியாகவே அயலார் எழுதிய நிரல் வரியைப் புகுத்த முடியும் என்ற ஓட்டை சிக்னலின் கணினிப் பதிப்பில் கண்டுபிடிக்கப்பட்டு, விரைவில் அடைக்கப்பட்டது. கால் வெய்ஸ்மன் என்ற ஆய்வாளர் வாட்ஸ்அப் டெஸ்க்டாப்பில் இதே வகை ஓட்டையைக் கண்டு, 2020 தொடக்கத்தில் விவரங்களை வெளியிட்டார். அது கணினியில் உள்ள கோப்புகளைப் படிக்கும் அளவுக்குப் போனது. அந்தச் செயலிக்குள் இருந்த குரோமியம் மிகப் பழைய பதிப்பாக இருந்ததும் அதற்கு உதவியது. நம் குரோம் உலாவி தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். செயலிக்குள் இருக்கும் உலாவியைச் செயலியின் உரிமையாளர்தான் புதுப்பிக்க வேண்டும். எலக்ட்ரான் குழு இதிலிருந்து பாடம் கற்றது. 2019இல் இணையப் பக்கத்துக்கு நோட்டின் அதிகாரம் இயல்பாகக் கிடைக்காதபடி மாற்றினார்கள். 2021இல் பக்கத்தின் நிரலையும் செயலியின் நிரலையும் பிரித்து வைப்பதையே இயல்பு நிலையாக்கினார்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது இந்த ஓட்டைகளைவிட, ஓட்டையே இல்லாமல் ஒழுங்காக வேலை செய்யும் செயலிதான்.

உலாவியில் ஒரு பக்கத்தை மூடினால் பெரும்பாலும் அதன் பேச்சு அத்தோடு நின்றுவிடும். கணினியில் குடியேறிய செயலி அப்படி நிற்காது. கணினி தொடங்கும்போதே தானும் தொடங்கும்படி அதை அமைத்திருப்பார்கள். மேலே உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் சன்னல்தான் மறையும். செயலி கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒதுங்கி ஓடிக்கொண்டிருக்கும். புதிய செய்தி வந்தால் உடனே மணி அடிக்க வேண்டுமே! அதற்காகச் சர்வரோடு ஒரு இணைப்பை எப்போதும் திறந்தே வைத்திருக்கும். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சில விநாடிக்கோ சில நிமிடத்துக்கோ ஒருமுறை சிறு பொட்டலம் அனுப்பிப் பார்க்கும். புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று இன்னொரு சர்வரைக் கேட்கும். பிழை ஏற்பட்டால் மூன்றாவது ஒன்றுக்கு அறிக்கை அனுப்பும்.

இவற்றில் எதன் உள்ளடக்கமும் இணைய நிறுவனத்துக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பிலும் சிக்னலிலும் செய்தி அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் மட்டுமே புரியும்படி மறைகுறியாக்கப்பட்டுப் போகிறது. மற்றச் செயலிகளிலும் சர்வர் வரை மறைவாகத்தான் போகிறது. முந்தானையில் இருப்பது அன்னமா யாளியா என்று வழியில் இருக்கும் யாராலும் பார்க்க முடியாது. ஆனால் பொட்டலம் போய்ச் சேர வேண்டும் என்றால் அதன் மேல் முகவரி எழுதியிருக்க வேண்டும். எந்த இணைப்பிலிருந்து, எந்த ஐபி முகவரிக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எவ்வளவு தரவு என்பதை மறைகுறியாக்கத்தால் மறைக்க முடியாது. இந்த விவரங்கள் அடங்கிய பதிவைத் தொலைத்தொடர்புத் துறையில் ஐபிடிஆர் என்பார்கள். செல்போன் அழைப்புக்கு உரியது சிடிஆர். யார் யாரை அழைத்தார், எப்போது, எத்தனை விநாடி, எந்த டவரின் கீழ் நின்று, எந்தக் கருவியிலிருந்து என்பதெல்லாம் அதில் இருக்கும். குற்ற வழக்குச் செய்திகளில் ‘செல்போன் டவர் பதிவை ஆராய்ந்தனர்’ என்று படிக்கிறோமே, அது இதுதான்.

தறி வீட்டின் ஐபிடிஆரை இரண்டு ஆண்டுகளுக்கு வரிசையாக வைத்துப் பார்த்தால் என்ன தெரியும்? அந்த வீடு எத்தனை மணிக்கு விழிக்கிறது என்று தெரியும். முகூர்த்த மாதங்களில் நள்ளிரவு வரை கணினி ஓடியதும், பிறகு சில வாரம் திறக்கப்படாமலே கிடந்ததும் தெரியும். எந்த மாதம் கடன் தரும் செயலி ஒன்றைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள், எந்த மாதம் மருத்துவமனையின் தளத்துக்கு அடிக்கடி போனார்கள் என்பதையும் ஊகிக்க இடம் உண்டு. ஒரு செய்தியைக்கூடப் படிக்காமல் ஒரு குடும்பத்தின் நாட்குறிப்பை எழுதிவிடலாம். அந்த வீட்டார் தாங்களாக ஒரு செயலியைத் திறந்ததால் ஏற்பட்ட வரிகள் அதில் ஒரு பகுதிதான். மற்றவை செயலி தானாகப் போய் எழுதிவைத்தவை.

இது என் கற்பனைப் பயம் என்று யாரும் எண்ண வேண்டாம். ஜெர்மனியின் பசுமைக் கட்சியைச் சேர்ந்த மால்டே ஸ்பிட்ஸ், தன்னைப் பற்றி டாய்ச்சே டெலிகாம் வைத்திருந்த ஆறு மாதப் பதிவை வழக்குப் போட்டு வாங்கினார். 35,830 வரிகள் இருந்தன. 2011இல் ஸைட் இதழின் இணையப் பதிப்பு அதை ஒரு வரைபடத்தில் ஓடவிட்டது. அவர் எந்த ரயிலில் ஏறினார், எங்கே உறங்கினார் என்பதை எவரும் பின்தொடர முடிந்தது. பதினைந்து இலட்சம் பேரின் செல்போன் இடப் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஒரு கட்டுரை, பெயரை நீக்கிவிட்டாலும் ஒருவர் இருந்த நான்கு இடங்களும் நேரங்களும் தெரிந்தால் நூற்றுக்கு 95 பேரைத் தனியே பிரித்துவிடலாம் என்று காட்டியது. 2016இல் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள், எண்ணூறுக்கு மேற்பட்ட தன்னார்வலர்களின் அழைப்புப் பதிவுகளை மட்டும் கொண்டு, ஒருவருக்கு இதயத் துடிப்புக் கோளாறு இருப்பதை ஊகித்து உறுதிசெய்தார்கள்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். இந்தியாவில் தொலைபேசியை ஒட்டுக்கேட்க 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் இடம் தந்தது. 1996 டிசம்பரில், பியூசிஎல் என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு நடைமுறைக் கட்டுப்பாடுகளை விதித்தது. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், பொது அவசர நிலையோ பொதுப் பாதுகாப்போ இல்லாதபோது சாதாரணக் குற்றத்தைக் கண்டுபிடிக்க ரகசியமாக ஒட்டுக்கேட்பதை அந்தச் சட்டம் அனுமதிக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. ஆக, பேச்சின் உள்ளடக்கத்தைச் சுற்றி ஓரளவு காவல் உண்டு. பேச்சின் தடயத்தைச் சுற்றி உள்ள காவல் அதைவிட மிகவும் மெல்லியது. காவல்துறை வழக்கமாக ஆவணம் கேட்கும் குற்றவியல் நடைமுறைப் பிரிவின் கீழேயே சிடிஆரைக் கேட்டு வாங்கிவிடலாம். 2013இல் அருண் ஜேட்லியின் அழைப்புப் பதிவுகள் முறைகேடாகப் பெறப்பட்ட விவகாரம் வெடித்தது. அதற்குப் பிறகுதான் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே கேட்க வேண்டும் என்று உள்துறை நெறிப்படுத்தியது. நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவருக்கே அந்த நிலை என்றால், ஒரு நெசவாளரின் பதிவு வெளியே போனால் அவருக்கு அது தெரிய வரவே வாய்ப்பில்லை.

பதிவை எத்தனை காலம் வைத்திருப்பது? உரிம நிபந்தனையில் முன்பு ஓராண்டு என்று இருந்தது. 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை அதை இரண்டு ஆண்டாக்கியது. நாடாளுமன்றத்தில் மசோதா வரவில்லை, விவாதம் நடக்கவில்லை. ஒரு நிர்வாக ஆணையால் கோடிக்கணக்கானவர்களின் தடயம் இருமடங்கு காலம் சேமிக்கப்படும் பொருளாகிவிட்டது. 2022 ஏப்ரல் 28 அன்று அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்கச் சொன்னது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்து ஆண்டு காக்க வேண்டும் என்றது. எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ப்ஷார்க், நார்ட்விபிஎன் ஆகியவை இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களை அகற்றிக்கொண்டு போயின. 2024 நவம்பரில் வந்த தொலைத்தொடர்பு இணையப் பாதுகாப்பு விதிகள், செய்தியின் உள்ளடக்கம் தவிர்த்த போக்குவரத்துத் தரவைக் கேட்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தன.

ஐரோப்பாவும் இதே பாதையில் நடந்துதான் திரும்பியது. 2006இன் ஐரோப்பிய நெறிமுறை எல்லா நாடுகளும் தடயங்களை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சேமிக்க வேண்டும் என்றது. ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் 2010இல் அந்நாட்டுச் சட்டத்தை ரத்து செய்தது. 2014 ஏப்ரல் 8 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் நெறிமுறையையே செல்லாததாக்கியது. சந்தேகத்துக்கு இடம் தராத எல்லோரின் தடயத்தையும் வேறுபாடின்றிச் சேர்ப்பது அந்தரங்க உரிமைக்கு அளவுமீறிய குறுக்கீடு என்பதே காரணம். நம் உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. அரசின் தேவைக்கும் குறுக்கீட்டுக்கும் அளவுப் பொருத்தம் வேண்டும் என்ற அளவுகோலும் அந்த வழக்கில் உருவானது. இரண்டு ஆண்டுச் சேமிப்பு அந்த அளவுகோலில் தேறாது என்பது என் உறுதியான எண்ணம்.

பதிவு என்றாலே தீமை என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது இந்த ஊருக்கே பொருந்தாது. திருப்பருத்திக்குன்றம் என்ற ஜினகாஞ்சியின் பழமை நமக்குத் தெரிவதே பதிவுகளால்தான். பல்லவ மன்னன் சிம்மவர்மனின் ஆறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த பள்ளன்கோவில் செப்பேடு, பருத்திக்குன்றின் சமணத் துறவி வஜ்ஜிரநந்திக்கு அமண்சேர்க்கை என்ற ஊர் பள்ளிச்சந்தமாக, அதாவது சமணப் பள்ளிக்கான கொடையாகக் கொடுக்கப்பட்டதைச் சொல்கிறது. திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விஜயநகரத் தளபதி இருகப்பன் 1387இல் கட்டியதைக் கல்வெட்டு சொல்கிறது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார், எதற்காக என்பது அவற்றில் எழுதப்பட்டிருக்கிறது. எழுதப்பட்டவர்கள் அதை விரும்பினார்கள். இதே மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஊர்ச் சபையின் வாரியத்தில் பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் மறுபடி தேர்ந்தெடுக்கத் தடை விதித்தன. அங்கே கணக்கு கேட்கப்பட்டது பொறுப்பில் இருந்தவரிடம். சிடிஆரும் ஐபிடிஆரும் பொறுப்பில் இல்லாத எல்லோரைப் பற்றியும், எதற்காக என்று எழுதப்படாமலே, பின்னால் எப்போதாவது உதவும் என்று சேர்த்து வைப்பவை.

தமிழ்நாட்டு நீதிமன்றம் ஒன்றில் தடயத்தைப் பற்றிய இந்தக் கேள்வி செயலியின் உடம்புக்குள்ளேயே நுழைந்த வரலாறும் உண்டு. 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், இணையக் குற்றங்களைத் தடுக்கச் சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்கக் கோரிப் பொதுநல மனுக்கள் தாக்கலாயின. விசாரணை போகப் போக, வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வியாக அது மாறியது. சென்னை ஐஐடியின் பேராசிரியர் வி. காமகோடி 2019இல், ஒவ்வொரு செய்தியோடும் முதலில் அனுப்பியவரின் அடையாளத்தை இணைத்து அனுப்பலாம் என்று நீதிமன்றத்தில் யோசனை வைத்தார். மும்பை ஐஐடியின் பேராசிரியர் மனோஜ் பிரபாகரன், அந்த அடையாளத்தைப் போலியாக மாற்றிவிட முடியும், அப்பாவி சிக்கிக்கொள்வார் என்று மறுத்து எழுதினார். மனுக்கள் பிறகு உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன. முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்கும் எண்ணம் 2021இன் தகவல் தொழில்நுட்ப விதிகளில் இடம்பிடித்தது. வாட்ஸ்அப் அதை எதிர்த்து அந்த ஆண்டே தில்லி உயர் நீதிமன்றம் போனது. இந்த விவாதத்தில் நான் மனோஜ் பிரபாகரன் பக்கம். டெஸ்க்டாப் செயலி என்பது பயனரின் கணினியில் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட்தான்; அதைத் திறந்து திருத்தத் தெரிந்தவர் எந்த அடையாளத்தையும் ஒட்டிவிடலாம். திருத்தத் தெரியாதவர் மட்டுமே கண்ணுக்குத் தெரிவார்.

செயலி கட்டுகிறவர்களுக்கும் இப்போது சட்டப் பொறுப்பு வந்திருக்கிறது. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள், தரவையும் அதன் போக்குவரத்துப் பதிவுகளையும் ஓராண்டாவது வைத்திருக்கச் சொல்கின்றன. 18 மாத அவகாசத்துக்குப் பின் இது நடைமுறைக்கு வரும். காஞ்சிபுரத்தில் சேலை ஆர்டர்களுக்காக இரண்டு பேர் சேர்ந்து ஒரு செயலி கட்டினால் அவர்களுக்கும் இந்தப் பொறுப்பு உண்டு; செயலியின் பேச்சைக் குறைத்தால் சேரும் பதிவும் குறையும். கணினி தொடங்கும்போதே செயலி எழ வேண்டுமா என்பதை எலக்ட்ரானில் ஒரே வரியில் தீர்மானிக்கலாம். அதைப் பயனர் கேட்டால் மட்டும் இயக்கும்படி விடலாம். பெருக்கல் குறியை அழுத்தினால் உண்மையாகவே மூடலாம். ஆர்டர் நாளுக்கு மூன்று வருகிற இடத்தில் நிமிடத்துக்கு நான்கு முறை சர்வரைத் தட்ட வேண்டியதில்லை. பயன்படுத்துகிறவர்கள் தங்கள் பங்குக்கு விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியைத் திறந்து, தானாகத் தொடங்கும் செயலிகளை நிறுத்தி வைக்கலாம். கையில் இருக்கும் செல்போன் இதைவிட அதிகமாகப் பேசுகிறது என்பது உண்மை. என்றாலும் தேவையில்லாத வரிகள் குறைவது குறைவதுதான்.

பதிவுகளைச் சேமிக்கும் காலம் நம் கையில் இல்லை. குற்றம் நடந்த பின், சந்தேகத்துக்குரியவரின் பதிவை மட்டும் உடனே அழியாமல் நிறுத்திவைக்கச் சொல்லும் முறையை ஜெர்மனியில் பல ஆண்டுகளாக விவாதித்து வருகிறார்கள். அப்படி ஒன்று வந்தால் எல்லோருடைய தடயத்தையும் இரண்டு ஆண்டு வைத்திருக்கும் வாதம் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். அதற்கு முதற்படியாகச் சேமிப்புக் காலத்தை ஆறு மாதமாகக் குறைக்க நாடாளுமன்றம் கூட வேண்டிய அவசியமும் இல்லை. 2021இல் கூட்டியதைப் போலவே, தொலைத்தொடர்புத் துறையின் ஒரு திருத்த ஆணையால் அதைச் செய்துவிடலாம்.